முடிந்ததா, பயன்பட்டதா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஒரு வாசிப்பு மூலை அமைத்தோம். பள்ளிக்கு வந்த சிறு நிதியோடு முன்னாள் மாணவர்கள் இருவர் கொடுத்த தொகையும் சேர்ந்தது. உள்ளூர்த் தச்சர் ஒருவர் கூலி வாங்காமல் அலமாரி செய்து கொடுத்தார். மார்ச் மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். பிப்ரவரி கடைசியிலேயே முடித்துவிட்டோம். ஒதுக்கிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. பட்டியலில் இருந்த 214 புத்தகங்களும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, எண் ஒட்டி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம். ரிப்பன் வெட்டிப் புகைப்படம் எடுத்து, பயன்பாட்டுச் சான்றோடு அனுப்பி வைத்தோம். பொறுப்பாசிரியர் நான்தான். பாராட்டும் கிடைத்தது.

அடுத்த கல்வியாண்டு, ஆகஸ்ட் மாதம் என்று நினைவு. மதிய உணவு இடைவேளையில் அந்தப் பக்கம் போனபோது ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால். "எடுத்துப் படியேம்மா" என்றேன். "தொடலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

அன்று மாலை வழங்கல் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். திறப்பு விழாவுக்குப் பிறகு மொத்தம் ஒன்பது பதிவுகள். அவற்றில் நான்கு என் கையெழுத்து.

கோப்பில் ஒரு குறையும் இல்லை. குறித்த காலத்தில், குறித்த செலவில், குறித்த அளவில் வேலை முடிந்திருந்தது. ஆனால் யாருக்காக அதைச் செய்தோமோ அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இந்த வேலையை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் துறை ஒன்று இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. திட்ட மேலாண்மை என்கிறார்கள். பாலம் கட்டுவோரும் மென்பொருள் எழுதுவோரும் படிக்கிற பாடம் நமக்கெதற்கு என்று தோன்றலாம். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு திட்டத்தின் பொறுப்பாசிரியராக இருப்பவர்கள் நாம்தானே!

முக்கோணம்

தொடக்கமும் முடிவும் உள்ள, வழக்கமான அன்றாட வேலையிலிருந்து தனித்து நிற்கிற முயற்சியைத் திட்டம் என்கிறார்கள். தினமும் வகுப்பு எடுப்பது திட்டம் அல்ல. அறிவியல் கண்காட்சி நடத்துவது திட்டம். சுற்றுச்சுவர் கட்டுவதும் திட்டம்தான். இப்படிப்பட்ட வேலை வெற்றியா என்று பார்க்க நெடுங்காலமாக ஒரு முக்கோணத்தைப் பயன்படுத்தி வருகிறார்கள். காலம், செலவு, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது என்பவை அதன் மூன்று மூலைகள். இதைப் படமாக வரைந்து காட்டியவர் மார்ட்டின் பார்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர், ஆண்டு 1969. ஒரு மூலையை இழுத்தால் மற்ற இரண்டும் அசையும் என்பதைப் புரியவைக்க அது நல்ல படம். அவசரமாக முடி என்றால் செலவு கூடும். செலவைக் குறை என்றால் தரமோ அளவோ குறையும். வெள்ளையடிப்புக்கு ஆள் பிடித்த தலைமை ஆசிரியர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

முக்கோணம் தவறு என்று நான் சொல்லவரவில்லை. பொதுப்பணம் செலவாகிற இடத்தில் கணக்கும் கெடுவும் இல்லாமல் முடியாது. ஆனால் அது ஏன் நமக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மூன்றையும் எண்ணிவிடலாம். மூன்றும் செய்பவரின் கைக்குள் இருப்பவை. எல்லாவற்றையும்விட, வேலை முடிந்த அன்றைக்கே மூன்றுக்கும் விடை தெரிந்துவிடும். புத்தகம் வந்ததா? வந்தது. கோப்பை மூடு. பிள்ளை படித்தாளா என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும். அதற்குள் அடுத்த திட்டத்தின் சுற்றறிக்கை வந்திருக்கும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. "போர்ஷன் முடிச்சாச்சா?" என்று ஆசிரியர் அறையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோமே, அதுவும் முக்கோணத்தின் கேள்விதான். பாடத்தை முடிப்பது ஒன்று, பிள்ளைக்குப் புரிவது வேறொன்று என்பதை உணர்ந்துதான் கற்றல் விளைவுகள் என்ற பேச்சே கல்வியில் வந்தது. வகுப்பறைக்குள் ஏற்றுக்கொண்ட இந்த வேறுபாட்டை, வகுப்பறைக்கு வெளியே நாம் நடத்தும் திட்டங்களுக்கு இன்னும் கொண்டுபோகவில்லை.

வேண்டாம் என்று சொல்ல முடியாத வாடிக்கையாளர்

வாடிக்கையாளருக்கு என்ன கிடைத்தது என்பதை வைத்துத்தான் வெற்றியை அளக்க வேண்டும் என்கிறது இன்றைய திட்ட மேலாண்மை. மாணவரை வாடிக்கையாளர் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. பள்ளிக்கூடம் கடை அல்ல. அந்தச் சொல்லை விட்டுவிட்டு, 'யாருக்காகச் செய்கிறோமோ அவர்' என்று வைத்துக்கொள்வோம்.

கடையோடு ஒப்பிடுவதில் ஒரு பயன் இருக்கிறது. தோசைக் கடையில் காசு கொடுப்பவரும் சாப்பிடுபவரும் ஒரே ஆள். தோசை நன்றாக இல்லையென்றால் நாளைக்கு வரமாட்டார். கல்லாவே சொல்லிவிடும், தனியாக ஆய்வு எதுவும் தேவையில்லை. பள்ளித் திட்டத்தில் பணம் தருபவர் ஒருவர், வாங்குவது ஒரு குழு, பொருளைப் பெற்றுக்கொள்வது தலைமை ஆசிரியர், பயன்படுத்துவது குழந்தை. அந்தக் குழந்தை 'இது எனக்கு வேண்டாம்' என்று எழுந்து போக முடியாது. போனாலும் கல்லாவில் எதுவும் குறையாது. பொருள் பயன்படவில்லை என்ற செய்தி தானாக மேலே வருகிற வழி நம் அமைப்பில் இல்லை. நாமே இறங்கிப்போய்க் கேட்டால்தான் தெரியும். என் பள்ளியில் அது தற்செயலாகத் தெரிந்தது; அந்தச் சிறுமி அன்று அங்கே நிற்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

யார் அந்த 'அவர்' என்பதும் எப்போதும் எளிதில் தெரிந்துவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓபரா ஹவுஸைப் பாருங்கள். முக்கோணத்தின்படி இதைவிடப் பெரிய தோல்வியைக் காண்பது கடினம். 1957இல் டென்மார்க்கின் யோர்ன் உட்சனின் வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963இல் முடிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். முடிந்தது 1973இல். செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். இடையில் 1966இல் உட்சன் அரசோடு மனக்கசப்பு ஏற்பட்டு விலகிப்போனார். தான் வடிவமைத்த கட்டடம் முழுமையானதை அவர் ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை. அந்தக் கட்டடம்தான் இன்று அந்த நாட்டின் அடையாளம். 2007இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உலகெங்கிலுமிருந்து பார்க்க வருகிறார்கள். அவர்களைக் கேட்டால் வெற்றி என்பார்கள். உள்ளே வாசித்த இசைக்கலைஞர்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். பெரிய அரங்கில் ஒலி சரியில்லை என்ற குறை பல பத்தாண்டுகள் நீடித்தது. 2020இல் அரங்கை மூடி, வேலை பார்த்து, 2022இல்தான் மீண்டும் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு விளைவு, உள்ளே வேலை செய்பவருக்கு இன்னொரு விளைவு. பள்ளிச் சுவரில் வரைந்த ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். சாலையில் போகிறவருக்கு அழகாகத்தான் இருக்கிறது.

பெருவில் ஒரு பாடம்

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு தென் அமெரிக்காவில் இருக்கிறது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005இல் ஒரு கனவை அறிவித்தார். ஏழை நாட்டுக் குழந்தை ஒவ்வொருவருக்கும் ஒரு மடிக்கணினி. விலை நூறு டாலர். பச்சையும் வெள்ளையுமாக, தூசியும் வெயிலும் தாங்கும்படி, குழந்தையின் கைக்கு ஏற்ற சிறு கணினி. விலை நூறு டாலருக்கு இறங்கவில்லை என்றாலும் பல நாடுகள் வாங்கின. மிக அதிகமாக வாங்கிய நாடு பெரு. மலைக்கிராமப் பள்ளிகள் வரை 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வழங்கியது. மின்சாரமே தட்டுத்தடுமாறி வருகிற ஊர்களுக்கு அவ்வளவு பெட்டிகளைக் கொண்டுசேர்ப்பது சாதாரண வேலையா? முக்கோணத்தை வைத்துப் பார்த்தால் பாராட்டத்தக்க செயல்தான்.

பெருவில் நடந்த நல்ல காரியம், அதோடு நிறுத்தாமல் விளைவையும் அளந்தது. அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். கணினி கிடைத்த பள்ளிகள் ஒரு பக்கம், கிடைக்காத பள்ளிகள் மறு பக்கம். ஏறத்தாழ 15 மாதங்களுக்குப் பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கணினி கிடைக்காத பள்ளிகளில் நூறு மாணவர்களுக்கு 12 கணினி. கிடைத்த பள்ளிகளில் நூறு பேருக்கு 118. மிகப் பெரிய வேறுபாடு. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் தேர்வு மதிப்பெண்ணில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பள்ளிச் சேர்க்கையிலும் இல்லை. பொதுவான சிந்தனைத் திறனைச் சோதிக்கும் சில தேர்வுகளில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அந்த ஆய்வில் என்னை நிறுத்திவைத்த செய்தி வேறு. ஒவ்வொரு கணினியிலும் சுமார் 200 புத்தகங்களை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ஐந்து புத்தகத்துக்கு மேல் இருந்த குழந்தைகள் நான்கில் ஒரு பங்குதான். அப்படிப்பட்ட வீடுகளுக்குள் ஒரே நாளில் 200 புத்தகங்கள் நுழைகின்றன. வாசிப்புப் பழக்கம் மாறவில்லை. எங்கள் அலமாரியில் 214, அங்கே 200!

ஏன் மாறவில்லை என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். பாடத்தோடு கணினியை இணைக்கவில்லை, ஆசிரியருக்குப் போதிய துணை இல்லை, பழுது பார்க்க ஆளில்லை என்பார்கள். எல்லாவற்றிலும் உண்மை இருக்கலாம். 'எத்தனை கணினி கொடுத்தோம்' என்ற கேள்வியோடு நின்றிருந்தால் இந்த விவாதமே தொடங்கியிருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பக்கத்துப் பள்ளிகள் இல்லாமல் இருந்திருந்தாலும் ஏமாந்திருப்போம். ஏனென்றால் 15 மாதத்தில் எந்தக் குழந்தையும் கொஞ்சமாவது வளர்ந்துதான் இருக்கும். அந்த வளர்ச்சியைக் கணினியின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

மிதிவண்டி

நம் நாட்டிலிருந்து நம்பிக்கை தரும் செய்தி ஒன்று. 2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். எத்தனை மிதிவண்டி என்று எண்ணுவதோடு அவர்கள் நிற்கவில்லை. உரிய வயதில் உயர்நிலைப் பள்ளிக்குள் கால் வைத்த பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். மாணவர்களின் சேர்க்கையோடும், மிதிவண்டித் திட்டம் இல்லாத பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டோடும் ஒப்பிட்டார்கள். மாணவிகள் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்திருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்திருந்தது. உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். மிதிவண்டிதான் காரணம் என்று நம்ப இந்தக் கடைசிச் செய்தி பெரிதும் உதவுகிறது. பள்ளி பக்கத்துத் தெருவிலேயே இருந்தால் சைக்கிள் எதற்கு?

நம் மாநிலத்தில் பதினோராம் வகுப்பில் மிதிவண்டி வழங்கும் நாளில் நாம் எடுக்கிற கணக்கு என்ன? பெற்றுக்கொண்டவர் கையொப்பம், வண்டி எண், புகைப்படம். அந்த வண்டியால் யாருடைய நாள் மாறியது என்று ஒரு வகுப்பாசிரியர் தன் வகுப்பளவிலாவது கேட்டுப் பார்த்தால் அருமையான தகவல் கிடைக்கும். எந்தப் படிவமும் கேட்காத பலன்களும் அதில் வெளிவரும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. அந்த ஊர்ப் பெண்களிடம் இன்று பேசினால் எழுத்துப் புத்தகத்தைவிட முதன்முதலாக மிதிவண்டி ஏறியதைத்தான் கண் விரியச் சொல்வார்கள்.

நான்கு மணிக்கு ஒரு படிவம்

இதுவரை நாம் கொடுப்பவர் பக்கம் நின்று பேசினோம். வாங்கிக்கொள்பவர் பக்கமும் நாம் நின்றிருக்கிறோம், பணியிடைப் பயிற்சிகளில். கடைசி நாள் மாலை நான்கு மணி. பேருந்து நேரம் நெருங்குகிறது. பின்னூட்டப் படிவம் வருகிறது. 'பயிற்சி உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?' மிகவும் பயனுள்ளது என்பதில் ஒரு டிக். 'கருத்தாளர் எப்படி?' மிக நன்று. 'உணவு?' இங்கே மட்டும் சிலர் உண்மையை எழுதுவார்கள்.

பயிற்சிகளை எப்படி மதிப்பிடுவது என்று 1959இல் டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நான்கு படிகளைச் சொன்னார். பங்கேற்றவருக்குப் பிடித்திருந்ததா என்பது முதல் படி. ஏதாவது கற்றுக்கொண்டாரா என்பது இரண்டாவது. திரும்பிப் போய்த் தன் வேலையில் அதைச் செய்கிறாரா என்பது மூன்றாவது. அதனால் விளைவு ஏதும் மாறியதா என்பது நான்காவது. நான்கு மணிப் படிவம் முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. மூன்றாம் படியைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு மாதம் கழித்து ஒருவர் வகுப்பறைக்கு வர வேண்டும். குறை கண்டுபிடிக்க வரக்கூடாது. 'அன்றைக்குச் சொன்னதில் எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை, ஏன்' என்று கேட்க வர வேண்டும். கருத்தாளராக நானும் சில பயிற்சிகளில் நின்றிருக்கிறேன். அந்தக் கேள்வியை ஒருமுறைகூட நான் யாரிடமும் போய்க் கேட்டதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அளவுகோலும் ஏமாற்றும்

இவ்வளவு சொன்ன பிறகு, விளைவை எண்ணத் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. நான் அப்படி நினைத்து ஒருமுறை சறுக்கினேன். பதிவேட்டில் ஒன்பது பதிவுகளைப் பார்த்த அதிர்ச்சியில், மாதம் அதிகப் புத்தகம் எடுக்கும் மாணவருக்குப் பேனா பரிசு என்று அறிவித்தேன். பதிவேடு நிரம்பி வழிந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் காலையில் எடுத்து மாலையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். "அட்டையில யானை இருக்கு டீச்சர்" என்றான். பொய் சொல்லவில்லை, யானை இருந்தது.

ஓர் அளவுகோல் இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்ற கருத்தைச் சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளரின் பெயரால் குட்ஹார்ட் விதி என்கிறார்கள். 1975இல் பணக் கொள்கையைப் பற்றி அவர் எழுதியதிலிருந்து பிறந்தது அது. தேர்ச்சி விழுக்காட்டை மட்டுமே பார்க்கும் இடங்களில் என்ன நடக்கும் என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே எதைப் பார்ப்பது என்பதில் கொஞ்சம் கற்பனை வேண்டும். எங்கள் பள்ளியில் மாணவியர் கழிப்பறை புதிதாகக் கட்டியபோது, கட்டி முடித்த நாள், செலவு, தண்ணீர் இணைப்பு எல்லாம் பதிவாயின. அது பயன்படுகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வாசலில் நின்று எண்ணவா முடியும்? உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் வழி சொன்னார். கழிப்பறைக்குப் போகத் தயங்கும் பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்வார்கள். மாலையில் அவர்கள் தண்ணீர் பாட்டில் எப்படிப் போகிறது என்று பாருங்கள் என்றார். முதல் மாதம் பெரும்பாலும் நிறைந்தேதான் போனது. விசாரித்தால், கதவின் உள்தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. அறுபது ரூபாய்த் தாழ்ப்பாள். அதை மாற்றிய பிறகு பாட்டில்கள் காலியாகத் தொடங்கின. பாட்டிலுக்குப் பரிசு எதுவும் அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் செடிக்கு ஊற்றிவிட்டுக் காட்டியிருப்பார்கள்.

இப்போதெல்லாம் பொறுப்பாசிரியராக எந்த வேலையை எடுத்தாலும், தொடங்குவதற்கு முன் நோட்டில் ஒரு வாக்கியம் எழுதிக்கொள்கிறேன். 'இந்த நாளுக்குள், இன்னார், இப்போது செய்யாத இன்னதைச் செய்வார்கள்.' எழுதிப் பார்த்தால்தான் எவ்வளவு கடினம் என்று தெரியும். 'மாணவர்கள் பயனடைவார்கள்' என்று எழுத அரை நிமிடம் போதும், அதில் ஒன்றுமில்லை. 'தீபாவளி விடுமுறைக்குள் நான்காம், ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேராவது தாங்களாகத் தேர்ந்தெடுத்த ஒரு கதையை இன்னொருவருக்குச் சொல்வார்கள்' என்று எழுதினால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறது. அடுத்ததாக, இன்றைக்கு எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து அதையும் தேதியோடு எழுதி வைக்கிறேன். தொடக்க நிலையைக் குறிக்காமல் விட்டால் பிறகு முன்னேற்றம் என்று எதைச் சொல்வது? வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு நாளை நாட்காட்டியில் வட்டமிடுகிறேன். அன்று கோப்பைத் தொடக்கூடாது. குழந்தைகளிடம் மட்டும் போக வேண்டும். எதிர்பார்த்தது நடக்காமல் போகும் நாட்களும் உண்டு. கரும்பு வெட்டுக்குக் குடும்பத்தோடு போன பிள்ளைகள் திரும்பாத பருவத்தில் எந்த வாக்கியமும் பலிக்காது. அதையும் எழுதி வைக்கிறேன். செய்தவரின் குறையால் நேராத தோல்வியை அவர் தலையில் கட்டினால், அடுத்த முறை அவர் உண்மையை எழுத மாட்டார்.

கிழிந்த புத்தகங்கள்

வாசிப்பு மூலையின் கதைக்கு வருகிறேன். அந்தச் சிறுமியிடமும் அவள் தோழிகளிடமும் பேசியபோது காரணங்கள் மிக எளிதாக வந்தன. அலமாரி உயரம். கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறது. பளபள உறையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. "கிழிஞ்சா அப்பாதானே காசு கட்டணும்?" என்றாள் ஒருத்தி. நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் நான் புத்தகங்களை அடுக்கியிருந்த விதம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

கதவைக் கழற்றினோம். பாதிப் புத்தகங்களைத் தரையோடு தரையாக ஒரு பலகையில் பரப்பினோம். உறைகளைப் பிள்ளைகளே உரித்தார்கள். பேனா பரிசை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து ஒரு கதை சொல்லலாம் என்று வைத்தோம். முதல் இரண்டு வாரம் யாரும் வரவில்லை. மூன்றாம் வாரம் யானைப் பையன் வந்தான்.

ஆண்டு இறுதியில் இருப்புச் சரிபார்ப்பு. 214இல் 11 புத்தகங்களைக் காணவில்லை. 23 புத்தகங்கள் அட்டை போய், ஓரம் மடங்கி, சிலவற்றில் சாம்பார்க் கறையோடு இருந்தன. முதல் ஆண்டில் ஒன்றுகூடச் சேதமில்லை என்று நானே எழுதிக் கையொப்பமிட்டிருந்தேன். பதிவேட்டின்படி பார்த்தால் முதல் ஆண்டுதான் சிறந்த நிர்வாகம்; இரண்டாம் ஆண்டு இழப்பு. தலைமை ஆசிரியர் பதிவேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "டீச்சர், இதை எப்படி எழுதப் போறீங்க?" என்றார். அவர் கவலை நியாயமானது. தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் புத்தகங்களை அப்படியே மேசையில் கொட்டினேன். குழுத் தலைவியாக இருந்த அம்மா ஒரு கிழிந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, "இது எங்க வீட்ல பத்து நாள் கிடந்துச்சு டீச்சரம்மா. பெரியவ படிச்சுக் காட்ட, சின்னவன் கேட்டுக்கிட்டுக் கிடப்பான்" என்றார். தீர்மானப் பதிவேட்டில் '23 புத்தகங்கள் மாணவர் வாசிப்பினால் தேய்ந்தன. 11 புத்தகங்கள் மாணவர் வீடுகளிலிருந்து திரும்பவில்லை' என்று எழுதி, வந்திருந்த எல்லோரும் கையொப்பமிட்டார்கள். அடுத்த ஜூன் மாதம் அந்தப் பதினொன்றில் நான்கு திரும்பி வந்தன. ஒன்றுக்குச் செய்தித்தாளில் புது அட்டை போட்டிருந்தது.